இரும்புக்குக் கட்டுப் போட்டவர்

எலும்பு முறிந்தால் புத்தூர்ப் பக்கம் போ, இரும்பு முறிந்தால் செங்கல்வராயனைக் கூப்பிடு என்று நகரி வட்டாரத்தில் ஒரு பேச்சு உண்டு. பாதி கேலியாகத்தான் சொல்வார்கள். ஆனால் கிணற்று மேட்டில் ஆயில் இன்ஜின் புகையைக் கக்கிக்கொண்டு ஓடியும் வாய்க்காலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழாத நாளில், கேலி செய்தவர்களே ஏகாம்பரகுப்பம் ரயிலடிக்குப் பின்னால் இருந்த அவர் வீட்டுக்கு ஆள் அனுப்புவார்கள்.

கிணற்றுக்குள் இறங்கும் வார்ப்பிரும்புக் குழாயில் மயிரிழை விரிசல் விழுந்தால் போதும். குழாய் தண்ணீரை விட்டுவிட்டுக் காற்றை இழுக்கும். சாணியைக் கரைத்து ஊற்றிப் பார்ப்பார்கள், இன்ஜினுக்குத் தேங்காய் உடைப்பார்கள், ஒன்றும் நடக்காது. புதுக் குழாய் மதராசிலிருந்து வர வேண்டும். அது எல்லை பிரித்துக்கொண்டிருந்த காலம். எந்த ஊர் ஆந்திராவில் நிற்கும், எந்த ஊர் மதராசுக்குப் போகும் என்று காகிதத்தில் முடிவாகி, கல் நடுவதுதான் பாக்கி என்றார்கள். கேட்ட சரக்கு வராததற்கெல்லாம் கடைக்காரர்கள் அந்த எல்லையையே காரணம் சொன்னார்கள்.

செங்கல்வராயன் வந்து, ஓட்டுச் சில்லால் குழாயின் துருவைச் சுரண்டுவார். குங்கிலியத்தை உருக்கி, அதில் செங்கல் தூளும் சுண்ணாம்பும் போட்டுக் கிளறுவார். விரிசலின் மேல் சணப்பு நாரைச் சுற்றி, பிசினை ஊற்றி, மறுபடி நார், மறுபடி பிசின் என்று ஏற்றிக்கொண்டே போவார். ஆறினதும் அது கல்லாகிவிடும். நார் இல்லாமல் பிசின் மட்டும் இருந்தால் இன்ஜின் அதிர்வில் பொரிந்து உதிரும். பிசின் இல்லாத நாரோ வெறும் கயிறுதான். இரண்டும் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டால் இரும்பு தோற்றுப்போகும் என்பார்.

திருத்தணிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் பிறந்தவர். வாலிபத்தில் ரேணிகுண்டாவில் ரயில்வேக் கொல்லுப்பட்டறையில் கரி அள்ளிப் போட்டவர். அங்கே ஒரு நாள் தண்ணீர்த் தொட்டியின் ஓட்டையைக் கோணிச் சாக்கும் தாரும் வைத்து யாரோ அடைத்ததைப் பார்த்ததிலிருந்து பிடித்துக்கொண்டது இந்தத் தொழில். அதற்கு மேல் அவருக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்லிக் கொடுத்திருந்தாலும் நம்பியிருக்கமாட்டார்.

யாரையுமே நம்பமாட்டார். குங்கிலியம் வாங்கினால் ஒரு துண்டைப் பல்லில் கடித்துப் பார்ப்பார். மணலாய் நொறுங்கினால் அசல், பல்லில் ஒட்டினால் கலப்படம். கல்யாணப் பந்தியில் வாசலைப் பார்த்தபடியே உட்காருவார். செருப்பு வெளியே கிடக்கிறதே. அவர் மனைவி கங்கம்மா எங்கள் வீட்டுப் பெண்களிடம் ஒருமுறை சொன்னார்: "இன்னாத்த சொல்றது போ. எனக்குத் தாலி கட்டிட்டு, முடிச்சு நிக்குதான்னு இழுத்துப் பாத்த ஆளும்மா இது."

இருவரும் சேர்ந்துதான் வேலைக்கு வருவார்கள். அவர் பிசினைக் காய்ச்சி ஊற்ற, நாரை இழுத்துச் சுற்றுவது கங்கம்மா. நாரை உவர்மண் கரைத்த தண்ணீரில் ஊறப்போட்டு, வண்ணார் துணி வெளுப்பதுபோல் வெளுத்து, காயவைத்துச் சீவிக் கொண்டுவருவதும் அவர்தான். செங்கல்வராயன் அதைப் பெரிய வேலையாக எண்ணியதில்லை. துவைக்கிற வேலை என்பார்.

அந்த மாசி மாதம் என் பெரியப்பா வேதாச்சல நாய்க்கரின் கிணற்றுக் குழாயில் விரிசல் விழுந்தது. நெல் கதிர் தள்ளப் பொதி கட்டி நின்ற நேரம். செங்கல்வராயன் தனியாக வந்தார். மகளின் பிரசவத்துக்காகக் கங்கம்மா திருத்தணிப் பக்கம் போயிருந்தார்.

"நாரு கீதா மேஸ்திரி?" என்றார் பெரியப்பா.

"வெளுத்து வெச்சிட்டுத்தான் போய்கீறா. சுத்தறது இன்னா பெரிய வித்தையா? சும்மா குடுமி முடியற மாதிரி."

கட்டினார். தண்ணீர் வந்தது. ஆனால் அடுத்த சந்தை கூடுவதற்குள் குழாய் மறுபடி காற்றை இழுத்தது. கட்டு ஒரு பக்கம் வாயைப் பிளந்துகொண்டு தொங்கியது.

செங்கல்வராயனுக்கு முதலில் ரங்கையா மேல்தான் சந்தேகம். திருப்பதியில் கோவிந்தராஜ சுவாமி கோயிலுக்குப் பின்புறச் சந்தில் குங்கிலியமும் சாம்பிராணியும் விற்கிற ரங்கையா. எனக்குத் திருப்பதியில் புத்தகம் வாங்குகிற வேலை இருந்தது. செங்கல்வராயனோடு ரயிலில் போனேன். வழி நெடுக அவர், கட்டிலிருந்து விழுந்த பிசின் துண்டு ஒன்றை வேட்டி முடிச்சிலிருந்து அவ்வப்போது எடுத்து வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டார்.

கடையில் அதைப் பலகைமேல் வைத்தார். ரங்கையா அதைப் பார்க்காமல் அவர் முகத்தைப் பார்த்தார்.

"ஏம் மேஸ்திரி, மா சரக்கு மீத அனுமானமா?"

எங்கள் சரக்கின் மேல் சந்தேகமா என்று தெலுங்கில் கேட்கிறார்.

"சந்தேகம் எங்கியும் போவல. என் கூடவே டிக்கெட் எடுத்துக்கினு ரயிலேறி வந்துகீது" என்றார் செங்கல்வராயன்.

ரங்கையா சிரித்துவிட்டுத் தமிழுக்கு மாறினார். "சேசாசலம் காட்டு மரத்துப் பாலு இது. நீயே கடிச்சிப் பாரு."

கடித்தார். மணலாய் நொறுங்கியது. கரித்துண்டின்மேல் போட்டுப் புகையை முகர்ந்தார். கோயில் வாசனைதான் வந்தது. மூட்டையின் அடியில் கையை விட்டு வேறொரு கட்டியை எடுத்துக் கடித்தார். அதுவும் நொறுங்கியது.

"இன்னும் கொஞ்ச நாள்ல நீ பொறந்த ஊரு மெட்ராஸ்ல சேந்துடும். அப்பால யாரைச் சந்தேகப்படுவ?" என்றார் ரங்கையா.

"அப்பவும் உன்னையத்தான். வேற ராஜ்யத்துக்காரன் ஆயிடுவ இல்ல, இன்னும் சௌகரியம்."

புதுக் கட்டியோடு திரும்பினோம். புத்தூர் தாண்டும்போது சொன்னார்: "பிசினு நல்ல பிசினு. நாரு கங்கம்மா வெளுத்த நாரு. கட்டினது நானு. மூணும் சரின்னா, அப்பால யாரோ கை வெச்சிகீறான்."

இரண்டாவது கட்டும் விட்டது. இந்த முறை கழன்ற கட்டை அவர் முழுசாக எடுத்து வந்தார். அதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. கல்லாகியிருந்த பிசினுக்குள்ளிருந்து நார் அப்படியே உருவிக்கொண்டு வந்திருந்தது, பாம்பு சட்டையை விட்டுப் போனதுபோல். நாரில் ஒரு பொட்டுப் பிசின் இல்லை. பிசினில் நார் கிடந்த தடம் மட்டும் மழுமழுவென்று பளபளத்தது.

"தானா உட்டா இப்பிடி உருவிக்கினு வராது நாய்க்கரே. மெல்லிசா கத்தி உட்டு நெம்பிகீறான்."

"யாரு?"

செங்கல்வராயன் கிணற்றுக்கு அப்பால் இருந்த குடிசையைப் பார்த்தார். பெரியப்பாவும் பார்த்தார்.

அது துலுக்காணத்தின் குடிசை. சத்தியவேடு பக்கத்திலிருந்து கூலிக்கு வந்து, எங்கள் இன்ஜினை ஓட்டவும் மடை திருப்பவும் என்று கிணற்றடியிலேயே தங்கிவிட்டவர். சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லை. குடிசைக்குப் பின்னால் புறம்போக்கில் கல் பொறுக்கி, கொஞ்சம் மிளகாய் நட்டிருந்தார். அதற்கு ஒரு மடைத் தண்ணீர் கேட்டார், பெரியப்பா தரவில்லை. துலுக்காணத்தின் மனைவி லட்சுமம்மா குடத்தில் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார். இவ்வளவும் ஊருக்குத் தெரியும். சந்தேகத்துக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

பெரியப்பா கூப்பிட்டு விசாரித்தார். "கிணத்தாண்ட நீதானடா கீற?"

"நான் கீறேன். எம் பொண்டாட்டி கீறா. உள்ள தவளைங்க கீது. எல்லாத்தையும் கூப்டு கேளுங்க நாய்க்கரே."

"வாய் மட்டும் குறைச்சல் இல்ல. தண்ணி தரலன்னு வயித்தெரிச்சல்ல கை வெச்சியா?"

"அந்தத் தண்ணி வந்தாத்தான நான் கொடம் முக்க முடியும்? என் மொளகாயும்தான் காயுது."

அது நியாயமான பேச்சாகத்தான் இருந்தது. ஆனால் அங்கே நின்றவர்களுக்கு அது தேவையாயிருக்கவில்லை. பெரியப்பா ஒரு முடிவு சொன்னார்: மேஸ்திரி இன்னொரு கட்டுப் போடட்டும். துலுக்காணம் களத்து மேட்டில் போய் இருக்கட்டும், கிணற்றுப் பக்கம் தலை வைக்கக் கூடாது. அவன் இல்லாதபோது கட்டு நின்றால், குடிசையைப் பிரித்துக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

"நின்னுக்கினா நான் திருடன். சரி. பிச்சிக்கினா?" என்றார் துலுக்காணம்.



இதற்குள் டீக்கடையில் வேறொரு பேச்சு கிளம்பியிருந்தது. எல்லைக் கல் நட்டதும் அந்தப் பக்கம் போகிற ஆள் செங்கல்வராயன். இந்தப் பக்கத்துக் குழாயை ஒழுங்காகக் கட்டுவானேன்? அது அவர் காதுக்கும் எட்டியது. பாதி டீயை வைத்துவிட்டு எழுந்து வந்தார். அதற்கப்புறம் துலுக்காணத்தைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் முன்பு இல்லாத ஓர் அவசரம் வந்துவிட்டது. தன்மேல் விழ வந்த ஒன்றை இன்னொருவர் தலைக்குத் தள்ளுகிறவரின் அவசரம்.

மூன்றாவது கட்டைப் போட்டுவிட்டு, அவரே கிணற்று மேட்டில் காவல் உட்கார்ந்தார். கஞ்சியை அங்கேயே வரவழைத்துக் குடித்தார். காக்கை உட்கார்ந்தால்கூட விரட்டினார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு காலை வேளையில், அவர் கண்ணெதிரே, யாரும் தொடாமல், கட்டு மெல்ல நழுவி இறங்கியது. குழாய் இரைந்தது. தண்ணீர் நின்றது.

நான் அப்போது இன்ஜினருகில் இருந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. இனி துலுக்காணத்தைக் குறை சொல்ல வழி இல்லை என்று நினைத்தேன். ஆனால், தண்ணீர் நின்றதைக் கண்டு வந்த பெரியப்பாவிடம் செங்கல்வராயன் சொன்னார்: "முன்னாடியே குழாய்மேல இன்னாமோ பூசி வெச்சிகீறான் நாய்க்கரே. அதான் கட்டு புடிக்கமாட்டேங்குது."

பெரியப்பா வயலைப் பார்த்தார். மேற்குப் பாத்திகளில் கதிர் வெளுக்கத் தொடங்கியிருந்தது. பட்ட நஷ்டத்துக்கு யாராவது ஓர் ஆள் வேண்டும் அவருக்கு. "கிளம்பச் சொல்லு அவன" என்றார்.

கங்கம்மா வந்து சேர்ந்தது அன்று மத்தியானம். வீடு பூட்டிக் கிடந்ததால் ரயிலடியிலிருந்து நேரே கிணற்றுக்கு வந்துவிட்டார், இடுப்பில் மூட்டையோடு. நடந்ததையெல்லாம் வழியிலேயே கேட்டிருந்தார்.

"ஆம்பளப் புள்ள. உன் மூக்கு" என்றார் கணவரிடம். அவர் நிமிரவில்லை. கங்கம்மா மூட்டையை இறக்கிவிட்டு, தரையில் கிடந்த கட்டை எடுத்தார். நாரைக் கையில் இழுத்துப் பார்த்தார்.

"நான் வெளுத்து வெச்ச நாரா இது?"

"அதேதான்."

"அதுக்கு ஏன் இந்த வழவழப்பு?"

நாரை வாளித் தண்ணீரில் முக்கித் தூக்கினார். வெளுத்த நார் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்க வேண்டும். இதிலோ தண்ணீர் மணிமணியாக உருண்டு விழுந்தது.

"இன்னாய்யா, சேப்பங்கெழங்கு எலையாட்டம் தண்ணியத் தள்ளுது?" மூக்கருகே கொண்டுபோனார். "நல்லெண்ண."

செங்கல்வராயன் விருட்டென்று நிமிர்ந்தார். அவர் கண்கள் குடிசைப் பக்கம் ஓடின. "பாத்தியா? நான் சொன்னேன் இல்ல? எவனோ எண்ணய..." என்று ஆரம்பித்தவர், தம் கைகளைப் பார்த்தார். பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. இன்ஜின் கொட்டகை நிழலில் அவருடைய சாமான்களோடு ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதில் எண்ணெய்.

"கையில ஒட்டிக்கிது. சூடு வேற. பலாப்பழம் அறுக்க சொல்ல தடவிக்க மாட்டோமா, அப்பிடி..."

"பலாப்பழம் கையில ஒட்டக் கூடாதுன்னு தடவிக்கிறோம். நீ இத்த ஒட்டணும்னு தானய்யா கட்டற? எண்ணக் கையோட நார நீவினா நாரெல்லாம் எண்ண. தலைக்கு எண்ண வெச்சிக்கினு சீக்கா போடாம தண்ணி ஊத்தினா, தலையில தண்ணி நிக்குமா?"

"நீ கையில இன்னா தடவிக்குவ?"

கங்கம்மா அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாம்ப. இத்தினி வருசம் என் பக்கத்துல நின்னுதான ஊத்தின? பாத்ததில்லையா?"

ஊரில் உள்ளவன் கையையெல்லாம் பார்த்தவர், அந்த இரண்டு கைகளை மட்டும் பார்த்திருக்கவில்லை.

செங்கல்வராயன் நாரை வாங்கிச் சுருட்டி மடியில் செருகினார். "சரி, உவர்மண்ணுல திரும்ப அலசு. சாயந்தரத்துக்குள்ள கட்டிடலாம்."

"அலசறேன். அங்க குடிசையைப் பிரிக்கிறாங்களே, அதுக்கு இன்னா சொல்ற?"

லட்சுமம்மா ஓலைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார். துலுக்காணம் கழியைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். செங்கல்வராயன் அந்தப் பக்கம் பார்க்காமல் என்னைப் பார்த்தார். நான் எதைக் கேட்டேன், எதைச் சொல்வேன் என்று அளக்கிற பார்வை.

"நாய்க்கரு வூட்டுப் பையன் எல்லாத்தையும் கேட்டுக்கினு நிக்கிறான்" என்றார் மெதுவாக.

"கேக்கட்டும்" என்றார் கங்கம்மா.

பெரியப்பா வந்தார். பங்குத் தண்ணீருக்குக் காத்திருந்த பக்கத்து நிலத்துக்காரர்களும் வந்தார்கள். செங்கல்வராயன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு துலுக்காணத்தைக் கூப்பிட்டார்.

"இந்தத் தடவ நார நீ சுத்து. நான் பிசின் ஊத்தறேன். கையில கொஞ்சம் சாம்பலத் தேச்சிக்க."

துலுக்காணம் கழியைக் கீழே போடவில்லை. "நான் தொடமாட்டேன் மேஸ்திரி."

"ஏன்? உன்ன நம்பித்தான கூப்பிடறேன்?"

"தொடாதப்பவே நான் புடுங்கினேன்னீங்க. தொட்டு வெச்சிட்டு, நாளைக்கு அது பிச்சிக்கினா இன்னா சொல்லுவீங்க? எனக்கு இன்னொரு குடிசை இல்ல, பிரிச்சிக் காட்டறதுக்கு."

பக்கத்து நிலத்து முனியப்பன் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டார். செங்கல்வராயன் தம் தவற்றைக் குறுக்கு வழியாகச் சொல்லிவிடலாம் என்றுதான் துலுக்காணத்தின் கையைக் கேட்டிருக்கிறார். அந்த வழி அடைபட்டுவிட்டது. மடியிலிருந்து நாரை எடுத்துப் பெரியப்பாவிடம் நீட்டினார்.

"மோந்து பாருங்க நாய்க்கரே. கத்தியும் இல்ல, பூச்சும் இல்ல. என் கை எண்ண. நான் தடவின எண்ண. அதான் மூணு தபாவும் உட்டுது."

பெரியப்பா முகர்ந்தார். நாரைக் கீழே எறிந்தார். "அப்ப நான் இவன வெரட்டினது?"

"நான் சொல்லித்தான் வெரட்டினீங்க."

டீக்கடையில் பேசியவர்களும் அங்கே இருந்தார்கள். எல்லையைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் அந்த நாரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரியப்பா துலுக்காணத்தின் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "சரி சரி. திரும்ப வேஞ்சிக்க."

"பிரிச்ச ஓல ஒடஞ்சி போச்சி நாய்க்கரே. புது ஓல வேணும்."

"வெட்டிக்க."

"மொளகாய்க்குத் தண்ணி?"

பெரியப்பா அவரை முறைத்தார். லட்சுமம்மா கையில் ஓலையோடு அசையாமல் நின்றார். "மொதல்ல கட்டு நிக்கட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் பெரியப்பா வரப்பில் இறங்கிப் போனார்.

கங்கம்மா நாரை உவர்மண் தண்ணீரில் மறுபடி அலசி, சூடான பாறைமேல் உலர்த்தினார். உலர்ந்த நார் கையில் சொரசொரத்தது. சாம்பல் கையோடு அவரே சுற்றினார். செங்கல்வராயன் அன்று பிசின் ஊற்றியதோடு சரி, வேறு எதையும் தொடவில்லை. அந்தக் கட்டு நின்றது. மேற்குப் பாத்திகள் பதராகத்தான் போயின, மற்றது பிழைத்தது. எல்லைக் கல் நட்டார்கள். செங்கல்வராயன் பிறந்த ஊர் மதராசுக்குப் போயிற்று. அவர் ஏகாம்பரகுப்பத்தை விட்டு அசையவில்லை.

சந்தேகமும் அவரை விட்டுப் போகவில்லை. குங்கிலியத்தைக் கடித்துப் பார்ப்பதும், பந்தியில் வாசலைப் பார்த்து உட்காருவதும் அப்படியேதான். ஒன்று மட்டும் புதிதாகச் சேர்ந்தது. எந்தக் கிணற்றுக்குப் போனாலும், நாரைத் தொடும் முன் இரண்டு கைகளையும் நீட்டி, அங்கே நிற்கிறவரை முகர்ந்து பார்க்கச் சொல்வார். சிலர் சிரிப்பார்கள். சிலர் மெய்யாகவே குனிந்து முகர்வார்கள். யாராவது முகர்ந்து தலையாட்டினால்தான் நாரை எடுப்பார்.

அடுத்த கோடையில் எங்கள் குழாயில் வேறோர் இடத்தில் விரிசல் விழுந்தது. கங்கம்மா சாம்பலைத் தேய்த்துக்கொண்டிருக்க, செங்கல்வராயனும் தேய்த்துக்கொண்டு, மண்வெட்டியோடு நின்றிருந்த துலுக்காணத்திடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினார்.

"மோந்து பாரு."

துலுக்காணம் அந்தக் கைகளைப் பார்த்தார்.

"எனக்கு சளி புடிச்சிக்கினு கீது மேஸ்திரி" என்று சொல்லிவிட்டு, தொட்டியில் பிடித்து வைத்திருந்த தண்ணீருக்கு மிளகாய்ப் பாத்தி மடையைத் திறந்துவிடப் போனார்.

செங்கல்வராயன் நீட்டிய கைகளோடு, நாரைத் தொடாமல், அங்கேயே நின்றார்.